குரக்கன் மால்ட் கூழின் வெப்பநிலை: வீட்டில் அமைத்த மீள்சுற்றுக் கருவி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிராமம் ஒன்றில், முளைகட்டிய தானியங்களை வறுத்து அரைத்துச் சத்துமா விற்றுவந்த பெண் ஒருவர், படுவான்கரைச் சேனைகளிலிருந்து தமக்குக் கிடைத்துவந்த குரக்கனை (கேழ்வரகு) கொண்டே சீனி சேர்க்காத இனிப்புப் பாகு ஒன்றையும் காய்ச்சி விற்க எண்ணினார். தானியம் முளைக்கும்போது அதனுள் உருவாகும் அமைலேசு நொதியங்கள், மால்ட் எனப்படும் அந்த முளைத்தானியத்தை உடைத்துச் சுடுநீரில் கூழாகக் கலந்து உரிய வெப்பநிலையில் வைத்திருந்தால், அதிலுள்ள மாப்பொருளைத் துண்டித்து மோற்றோசு முதலிய சர்க்கரைகளாக மாற்றுகின்றன. அந்தச் சாற்றை வடித்துக் காய்ச்சினால் மால்ட் பாகு கிடைக்கும். இதற்கான கருவியை அவருடைய தாய்மாமனான ஓய்வுபெற்ற மின் தொழினுட்பவியலாளர் ஒருவர் வீட்டுக் கொட்டிலில் பொருத்திக்கொடுத்தார். வேலை எதிர்பார்த்தபடி நடக்காதபோது அளவீடுகளை எடுக்க உடன் இருக்குமாறு இருவரும் கேட்டுக்கொண்டதன் பேரில் பிற்பகுதியில் நானும் பங்குபற்றினேன். முற்பகுதி அவர்கள் எழுதிவைத்த கொப்பியிலிருந்து எடுக்கப்பட்டது.

இவ்வகைக் கருவியைப் பிற நாடுகளில் பெரும்பாலும் வீட்டில் பியர் வடிப்போரே பயன்படுத்துகின்றனர். இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பது குற்றமாகும். இங்கு விவரிக்கப்படும் வேலை நொதிக்கவிடுவதற்கு முன்னரே முடிந்துவிடுவதால் அச்சிக்கல் எழவில்லை. ஆயினும் கூழைச் சூடாக்கும் கட்டம் இரண்டுக்கும் ஒன்றே. எனவே வேறு தேவைக்காக மால்ட் ஊறவைப்போருக்கும், பால், பழச்சாறு போன்றவற்றைச் சுற்றோட்டத்தில் சூடாக்குவோருக்கும் இந்த அனுபவம் பயன்படக்கூடும்.

கருவியின் அமைப்பு

ஐம்பது லீற்றர் கொள்ளும் எவர்சில்வர்ப் பாத்திரமொன்றின் அடியிலிருந்து மூன்று சென்றிமீற்றர் உயரத்தில் துளைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மால்ட் அத்தட்டின்மேல் படுக்கையாகத் தங்கும். அதனூடாக வடிந்த சாறு அடிக்குழாய் வழியாகச் சிறிய பம்பிக்குச் சென்று, அங்கிருந்து இரண்டு அங்குல எவர்சில்வர்க் குழாயினுள் பொருத்தப்பட்ட 2 கிலோவாற்று மின்சூடாக்கியைக் கடந்து, சிலிக்கோன் குழாய் மூலம் மீண்டும் பாத்திரத்தின் மேற்பரப்பில் விழும். பாத்திரத்தின் பக்கச்சுவரில் துளையிட்டு, படுக்கையின் நடுவரை எட்டும்படி வெப்ப உணரி ஒன்று செருகப்பட்டிருந்தது. குறித்த வெப்பநிலைக்கு ஒரு பாகை கீழே சென்றால் சூடாக்கியை ஏற்றி, அதை அடைந்ததும் அணைக்கும் சாதாரணக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் அவ்வுணரி இணைக்கப்பட்டிருந்தது.

பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைத்துக் கிளறாமல் இத்தனை பொருத்துகளுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். அடுப்பில் வைத்தால் அடி பிடிக்கும். கிளறினால் சாறு கலங்கி, வடிப்பது பெரும்பாடாகும். சாறு தானியப் படுக்கையினூடாகத் திரும்பத் திரும்பச் செல்லும்போது படுக்கையே வடிகட்டியாகிச் சாறு தெளிந்துவிடுகிறது. எண்ணம் சரியானதே. குரக்கனுக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதுதான் பின்னர் எழுந்த கேள்வி.

முதலில் நடந்தவை

ஆறு கிலோகிராம் முளைக்குரக்கனை, சத்துமா அரைக்கும் அதே ஆலையில் அரைப்பித்து, 50 பாகை செல்சியஸில் இருந்த 20 லீற்றர் நீரில் கலந்து, பம்பியையும் சூடாக்கியையும் இயக்கி 65 பாகைக்கு உயர்த்துவதே தொடக்கத்தில் கையாண்ட முறை. கருவியின் திரை 65ஐ அடைந்த பின்னர் ஒன்றரை மணித்தியாலம் வரை 64க்கும் 66க்கும் இடையில் நின்றது. பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றும்.

ஆனால் சாற்றில் ஒரு துளியை வெள்ளைப் பீங்கானில் இட்டு, மருந்துக்கடைப் பொவிடோன் அயடீனை நீரில் ஐதாக்கி ஒரு சொட்டு விட்டபோது அது கருநீலமாக மாறியது. மாப்பொருள் சர்க்கரையாகியிருந்தால் அயடீன் தன் மஞ்சட்பழுப்பு நிறத்திலேயே நின்றிருக்க வேண்டும். "மாமா, ஒன்றரை மணித்தியாலமாயிற்று, இன்னும் நீலமாத்தான் இரிக்கு" என்று மருமகள் சொல்ல, "கொஞ்சம் பொறு புள்ள, மீற்றர் சரியாத்தான் காட்டுது" என்று மாமன் கூறியிருக்கிறார். சாற்றில் கரைந்துள்ள சர்க்கரையின் சதவீதத்தைக் காட்டும் பிரிக்ஸ்மானியில் சாறு 8 அளவிலேயே நின்றது. மால்ட்டின் நிறையில் பாதிக்குச் சற்று மேல் கரைந்தாலே 13 வரை வந்திருக்க வேண்டிய சாறு அது. சுவையில் இனிப்பு மெல்லியதாகவும், இலேசான கருகல் வாடையுடனும் இருந்தது. வேலை முடிந்து குழாயைக் கழற்றியபோது சூடாக்கியின்மேல் பழுப்புநிறப் படலம் ஒட்டியிருந்தது.

அடுத்தடுத்த தடவைகளில் நேரத்தை நீட்டிப் பார்த்தார்கள். வெப்பநிலைக் குறியை 68க்கு உயர்த்தியும் பார்த்தார்கள். நேரத்தை நீட்டியதால் மாற்றமில்லை. குறியை உயர்த்தியபோது இனிப்பு மேலும் குறைந்தது. இந்த இரண்டாவது முடிவே பிந்திய ஆய்வுக்குத் திறவுகோலாக அமைந்தது. மாப்பொருள் போதிய அளவு சூடாகாமைதான் காரணமென்றால், குறியை உயர்த்தியது சிறிதாவது உதவியிருக்க வேண்டும்.

அளவீடுகள்

முதலில் வெப்பமானிகளைச் சரிபார்த்தோம். உடைத்த பனிக்கட்டியும் நீரும் சேர்ந்த கலவை 0 பாகையையும், கொதிநீர் 100 பாகையையும் காட்ட வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டிய ஊராகையால் கொதிநிலைக்கு உயரத் திருத்தம் தேவையில்லை. ஐஸ் வாங்கும்போது ஒரு கவனம் தேவை: மீன் வாடிகளில் கிடைக்கும் ஐஸில் உப்பு கலந்திருந்தால் அதன் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். குடிநீரில் உறையவைத்த கட்டியே இதற்குரியது. கட்டுப்பாட்டுக் கருவியின் உணரி பனிநீரில் 0.6 எனவும் கொதிநீரில் 101.8 எனவும் காட்டியது. அதாவது அது 65 என்று காட்டும்போது உண்மை வெப்பநிலை 63.6க்கு அண்மையில் இருந்தது. இது திருத்தத்தக்க பிழைதான். ஆனால் நொதியத்தைக் கொல்லும் பக்கத்துப் பிழையன்று. ஆகவே இதில் மனநிறைவடைந்து நிறுத்தியிருந்தால் உண்மைக் காரணம் மறைந்தே இருந்திருக்கும்.

அடுத்து, சரிபார்த்த நீண்ட வெப்பமானியொன்றைப் படுக்கையின் வெவ்வேறு இடங்களில் செருகிப் பார்த்தோம். திரை 65ஐக் காட்டிக்கொண்டிருந்த அதே வேளையில், திரும்பிவரும் குழாயின் வாய்க்கு நேர்கீழே 74 பாகையும், எதிர்ப்புறச் சுவரோரத்தில் 58 பாகையும் இருந்தன. ஒரே பாத்திரத்தினுள் 16 பாகை இடைவெளி. அன்று கச்சான் காற்று கொட்டிலினூடாக வீசிக்கொண்டிருந்ததால் காற்று முகத்துச் சுவர் மேலும் குளிர்ந்திருக்கலாம். ஆனாலும் காற்று மட்டும் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்காது.

காரணத்தைக் காட்டியது ஓட்ட அளவீடுதான். திரும்பிவரும் குழாயை ஒரு லீற்றர்க் குவளையினுள் பிடித்து நேரத்தை எண்ணினோம். வெறும் நீர் ஓடும்போது நிமிடத்துக்கு 4 லீற்றர் கொடுத்த பம்பி, கூழ் படிந்து சற்று நேரத்தில் 1.2 லீற்றருக்கு இறங்கியிருந்தது. குரக்கனுக்கு நெல்லைப்போலவோ பார்லியைப்போலவோ உமி இல்லை. மாவாக அரைத்த குரக்கன் துளைத்தட்டின்மேல் களிமண்போல் படிந்து, பம்பியின் இழுப்பினால் மேலும் மேலும் இறுகிக்கொண்டிருந்தது.

ஓட்டம் குறைந்தால் வெப்பநிலைக்கு என்ன நேரும் என்பது எளிய கணக்கு. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோயூல் வேண்டும். நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓடும்போது 2 கிலோவாற்றுச் சூடாக்கி, தன்னைக் கடக்கும் நீரை ஏறத்தாழ 7 பாகை உயர்த்தும். அதே சூடாக்கி 1.2 லீற்றர் ஓட்டத்தில் ஏறத்தாழ 24 பாகை உயர்த்தும். எனவே படுக்கையிலிருந்து 64 பாகையில் புறப்படும் சாறு, சூடாக்கி எரியும் வேளையில் 88 பாகையில் வெளியேற வேண்டும். குழாயின் வெளிவாயில் வெப்பமானியைப் பிடித்தபோது கணக்கைவிடச் சற்றுக் குறைவாக 85 வந்தது. அன்று மின்வழங்கலும் 230 வோல்ற்றுக்குக் கீழேயே இருந்தது. சூடாக்கியின் வலு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால், சிறு வீழ்ச்சியும் கணக்கில் தெரியும்; 200 வோல்ற்றுக்கு இறங்கினால் 2 கிலோவாற்று 1.5 கிலோவாற்றாகிவிடும்.

இதன் விளைவை நொதியங்களின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். மோற்றோசை வெட்டித்தரும் பீற்றா அமைலேசு 60 முதல் 65 பாகை வரை நன்கு தொழிற்பட்டு, 70ஐத் தாண்டினால் சில நிமிடங்களிலேயே செயலிழக்கும். ஆல்பா அமைலேசு 70 பாகையளவிலும் உழைக்கும். 80ஐத் தாண்டினால் அதுவும் நிலைக்காது. இந்நொதியங்களில் பெரும்பகுதி தானியத்துண்டுகளில் ஒட்டியிராமல் சாற்றில் கரைந்தே இருக்கும். ஆகவே சூடாக்கிக்குழாயைக் கடப்பது வெறும் நீரன்று. வேலையாட்கள் அத்தனைபேரும் சாற்றோடு அந்தக் குழாயினுள் போய்வருகிறார்கள். 50 பாகையிலிருந்து 65க்கு உயர்த்தும் கட்டத்தில்தான் சேதம் மிகுதி. அப்போது சூடாக்கி இடைவிடாமல் எரியும். ஓட்டம் மெதுவாக இருப்பதால் மேலே விழுந்த சூடான சாறு நடுவிலுள்ள உணரியை வந்தடைய நெடுநேரம் எடுக்கும். உணரி 65ஐக் காட்டும் வேளையில் சாற்றில் பெரும்பகுதி 75க்கும் 85க்கும் இடைப்பட்ட வெப்பத்தைக் கண்டு திரும்பியிருக்கும். குறியை 68க்கு உயர்த்தியபோது இனிப்புக் குறைந்ததன் விளக்கமும் இதுவே.

இரண்டு காரணங்களைப் பிரித்தறிதல்

இவ்விளக்கம் பொருத்தமாக இருந்தாலும், அதுவே முழுக்காரணமா என்ற ஐயம் எஞ்சியது. அரைக் கிலோகிராமுக்கும் குறைவான மால்ட்டை 65 பாகை நீரில் கலந்து, முன்னரே சூடேற்றிவைத்த தேநீர்ப் பிளாஸ்கில் மூடி, பம்பியோ சூடாக்கியோ இன்றி ஒன்றரை மணித்தியாலம் வைக்கலாம் என்று மருமகள் கூறினார். செலவில்லாத இந்தச் சோதனை, நான் பார்த்தவரை, இந்த நிகழ்வில் செய்த காரியங்களுள் மிகவும் பயனளித்தது. பிளாஸ்கில் இருந்த சாறு பெரிய பாத்திரத்துச் சாற்றைவிடத் தெளிவாக இனித்தது. ஆயினும் அடியில் தங்கிய துகள்களில் அயடீன் இன்னும் கறுத்தது.

அப்படியானால் மீள்சுற்றுக் கருவி ஒரு காரணம். குரக்கனின் இயல்பு இன்னொரு காரணம். மாப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சி வீங்கி உடைந்த பின்னரே நொதியம் அவற்றைச் சரிவர வெட்ட முடியும். பார்லியில் இவ்வீக்கம், நொதியங்கள் விரும்பும் வெப்பநிலைக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். சோளம், குரக்கன் போன்ற வெப்பநாட்டுத் தானியங்களில் அது அதைவிட உயர்ந்த வெப்பநிலையில், 65க்கும் 70க்கும் அண்மையில் நிகழ்கிறது. பீற்றா அமைலேசு அழியத் தொடங்கும் எல்லையும் அதுவே. பார்லிக்கென எழுதப்பட்ட 65 பாகை விதியை அப்படியே குரக்கனுக்கு இட்டால், வேலையாள் இருக்கும்போது வேலை இல்லை. வேலை ஆயத்தமாகும்போது வேலையாள் இல்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

மாமனின் முதல் விருப்பம், சூடாக்கியின் வலுவைப் படிப்படியாகக் கூட்டிக்குறைக்கும் நுண்ணிய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வாங்குவதாக இருந்தது. மின்துறையில் பழகியவருக்கு அது இயல்பான எண்ணமே. ஆனால் எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் தன் உணரி சொல்வதை மட்டுமே அறியும். உணரி படுக்கையின் நடுவில் இருக்கும்வரை, குழாய்வாயில் 85 பாகை நிலவுவதை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் காண முடியாது. எனவே அந்தச் செலவு தள்ளிவைக்கப்பட்டது. கூடிய வலுவுள்ள சூடாக்கியைப் பொருத்தும் யோசனையும், குறைந்த ஓட்டத்தில் அது நிலைமையை மோசமாக்கும் என்பதால் கைவிடப்பட்டது.

முதலாவதாக ஓட்டத்தைச் சீராக்கினோம். மாவாக அரைப்பதை விட்டு, ஒவ்வொரு மணியும் மூன்று நான்காக உடையும்படி ஆலைக் கல்லின் இடைவெளியைக் கூட்டச் செய்தார்கள். தொடக்கத்தில் ஒரு தொகுதியைத் திருகையில் உடைத்து, எந்தப் பருமன் போதும் என்பதைப் பார்த்துக்கொண்டார்கள். குரக்கனிடம் இல்லாத உமியைச் சம்மாந்துறை நெல் ஆலையொன்றிலிருந்து கொண்டுவந்து, கொதிநீரில் இருமுறை அலசி, ஆறு கிலோகிராம் மால்ட்டுக்கு அறுநூறு கிராம் என்ற அளவில் கலந்தார்கள். உமி சாற்றில் கரைவதில்லை. அது படுக்கையினுள் இடைவெளிகளைத் தாங்கிநிற்கும். புழுங்கல் நெல்லின் உமியில் ஊறல் வாடை இருக்கக்கூடுமாகையால் பச்சை நெல்லின் உமியையே தேர்ந்தார்கள். பம்பிக்கு முன்னால் இருந்த வால்வை முழுவதும் திறந்துவைத்து, பம்பிக்குப் பின்னால் ஒரு வால்வைப் பொருத்தி ஓட்டத்தை அங்கே கட்டுப்படுத்தினோம். உறிஞ்சும் பக்கத்தை நெருக்கினால் சூடான சாற்றில் ஆவிக்குமிழிகள் தோன்றிப் பம்பி தடுமாறும். வேலை தொடங்கும்போது வால்வைச் சிறிதளவே திறந்து, படுக்கை அமைந்த பின் மெல்லக் கூட்ட வேண்டும். தொடக்கத்திலேயே முழு வேகத்தில் இழுத்தால் படுக்கை இறுகி, கிளறாமல் மீளாது.

இரண்டாவதாக உணரியைச் சூடாக்கிக்குழாயின் வெளிவாய்க்கு மாற்றினோம். ரீ வடிவப் பொருத்தொன்றினூடாக அதன் முனை ஓடும் சாற்றின் நடுவில் நிற்கும்படி வைக்கப்பட்டது. இதன் பொருள், இனிக் கருவி காவல்செய்வது சுற்றில் மிகச் சூடான இடத்தை என்பதே. அங்கே 66ஐத் தாண்டாவிட்டால் சுற்றில் வேறெங்கும் தாண்டாது. படுக்கையின் நடுவே பழைய துளையில் சாதாரண வெப்பமானி ஒன்று பார்வைக்கு மட்டும் விடப்பட்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு விரியத் தொடங்கினால் ஓட்டம் அடைபடுகிறது என்று பொருள்.

மூன்றாவதாக வலுவைக் குறைத்தோம். அதே வகைச் சூடாக்கி இன்னொன்றை வாங்கி, இரண்டையும் தொடராக இணைத்தபோது மொத்த வலு 1 கிலோவாற்றாகவும் ஒவ்வொன்றின் பங்கு அரைக் கிலோவாற்றாகவும் ஆனது. சூடாக்கியின் மேற்பரப்பில் ஒரு சதுர சென்றிமீற்றருக்கான வெப்பம் நான்கிலொன்றாகக் குறைவதால் சாறு கருகி ஒட்டுவதும் குறையும். நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓட்டத்தில் இந்த ஏற்பாடு சாற்றை ஏறத்தாழ 5 பாகை மட்டுமே உயர்த்தும். கூழை உயர்ந்த வெப்பநிலைக்கு ஏற்றும் வேலை இனிச் சூடாக்கிக்கு இல்லை. அது இழப்பை ஈடுசெய்தால் போதும் என்று வகுத்ததாலேயே இவ்வளவு குறைந்த வலு போதுமானதாயிற்று. பாத்திரத்தைச் சுற்றித் தும்புப் பாயும், அதன்மேல் பழைய மெத்தை ஸ்பொஞ்சும் கட்டப்பட்டன. திரும்பும் குழாயின் வாய் சாற்றின் மேற்பரப்புக்குள் அமிழ்த்தப்பட்டது.

இதனோடு மின்பாதுகாப்பும் பார்க்கப்பட்டது. ஈரமான கொட்டிலில் எவர்சில்வர்ப் பாத்திரமும் மின்சூடாக்கியும் சேர்ந்திருப்பதால், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சும் பாத்திரத்துக்கும் குழாய்க்கும் புவித்தொடுப்பும் இன்றி அதை இயக்குவதில்லை என்பதில் மாமன் உறுதியாக இருந்தார். ஓட்டம் நின்றால் சூடாக்கி தானாக அணையும்படி ஓட்ட ஆளி ஒன்றும் சேர்க்கப்பட்டது.

குரக்கனின் இயல்புக்குரிய தீர்வு வேறு வகையானது. உடைத்த மால்ட்டை 45 பாகை நீர் 20 லீற்றரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, துகள்கள் படிந்ததும் மேலே தெளிந்த 10 லீற்றரை மொண்டு தனியே வைத்தார்கள். நொதியங்கள் அதில்தான் இருக்கும். எஞ்சிய துகள்களையும் நீரையும் விறகடுப்பில் கிளறிக்கொண்டே கொதிக்கவைத்து மாப்பொருளை முழுவதும் வேகவைத்தார்கள். பின்னர் இரண்டையும் சேர்க்க வேண்டும். இரண்டின் வெப்பக் கொள்ளளவையும் கணக்கிட்டால், வெந்த கூழ் 81 பாகைக்கு ஆறியிருக்கும்போது சேர்த்தால் கலவை 65 பாகையில் வந்து நிற்கும். 95 பாகையிலேயே சேர்த்தால் 72ஐத் தாண்டிவிடும். எதற்குள் எதை ஊற்றுவது என்பதும் முக்கியம். சூடான கூழுக்குள் தெளிந்த நீரை ஊற்றினால் முதலில் விழும் நொதியம் முழுச்சூட்டையும் ஏற்று அழியும். ஆகவே தெளிந்த நீரைப் பாத்திரத்தில் வைத்து, அதற்குள் கூழை அகப்பை அகப்பையாக இட்டுக் கிளறினார்கள். அப்போது வெப்பநிலை கீழிருந்து மெல்ல 65க்கு ஏறும்.

விளைவு

வெந்த கூழ் சேர்ந்தவுடன் பசைபோலத் தடித்து நின்றதால் பம்பியை உடனே இயக்க முடியவில்லை. கையால் கிளறியபடி இருபது நிமிடம் பொறுத்ததும் கூழ் நீர்த்துவிட்டது. ஆல்பா அமைலேசு வேலைசெய்வதற்கு இதைவிடக் கண்கூடான சான்று தேவையில்லை. உமியை அதன் பின்னரே கலந்து, படுக்கையைப் படியவிட்டு, சுற்றோட்டத்தைத் தொடங்கினார்கள். ஓட்டம் நிமிடத்துக்கு 3 லீற்றர் அளவில் நிலைத்தது. படுக்கையின் வெவ்வேறு இடங்களுக்கிடையிலான வேறுபாடு 16 பாகையிலிருந்து 3 பாகைக்குள் அடங்கியது. குழாய்வாயைவிடப் படுக்கை ஏறத்தாழ ஒரு பாகை தாழ்ந்து நின்றது. சுவர்களினூடாக இழக்கப்படும் வெப்பத்துக்கு அது பொருத்தமான இடைவெளியே.

ஒரு மணித்தியாலம் கடந்து சற்று நேரத்தில் அயடீன் நிறம் மாறாமல் நின்றது. ஆறவைத்த சாறு பிரிக்ஸ்மானியில் 13ஐக் காட்டியது. கருகல் வாடை இல்லை. வடித்தெடுத்த 16 லீற்றர் அளவான சாறு, 75 பிரிக்ஸ் வரை காய்ச்சியபோது மூன்று கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த பாகாயிற்று. முன்னைய முறையில் அதே மால்ட்டிலிருந்து இரண்டு கிலோகிராம்கூடத் தேறவில்லை.

இலாபக் கணக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. அந்தச் சாற்றிலிருந்து ஏறத்தாழ 14 லீற்றர் நீரை ஆவியாக்க வேண்டும். எரிவாயு அடுப்பில் அதைச் செய்தால் ஒரு கிலோகிராமுக்கு மேல் வாயு செலவாகும். எனவே காய்ச்சும் வேலை உமி அடுப்புக்கு மாற்றப்பட்டது. வடிகட்டிக்கு உமி கொடுக்கும் ஆலையே எரிபொருளையும் கொடுக்கிறது.

இன்னொரு விடயம் கருவியோடு தொடர்பற்றதாயினும் விற்பனையோடு தொடர்புடையது. சீனி சேர்க்காத பாகு என்றதும் சலரோகமுள்ள வாடிக்கையாளர்கள் தமக்கு ஏற்றதெனக் கருதி விசாரித்தார்கள். மோற்றோசு குடலில் குளுக்கோசாகப் பிரிந்து இரத்தத்தில் விரைவாகச் சேரும். சீனியைவிட அது எவ்வகையிலும் மென்மையானதன்று. போத்தலின் சிட்டையில் இதை வெளிப்படையாக எழுதும்படி நான் வற்புறுத்தினேன், எழுதினார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, சிட்டையில் இருக்க வேண்டிய ஏனைய விபரங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நேரமின்மையால் ஐதாக நிறுத்திய பாகுப் போத்தலொன்று பின்னர் நுரைத்துப் பொங்கியது. அதன் பிறகு பிரிக்ஸ் அளவு பார்க்காமல் எந்தப் போத்தலையும் மூடுவதில்லை.

மாற்றிச் செய்யக்கூடியவை

மீண்டும் தொடக்கத்திலிருந்து கட்டுவதாயின், பாத்திரம் உயரம் குறைந்ததாகவும் வாய் அகன்றதாகவும் இருக்க வேண்டும் என்று மாமன் கருதுகிறார். அதே மால்ட் மெல்லிய படுக்கையாகப் பரவினால் ஓட்டத்துக்குத் தடை குறையும், உமியையும் குறைக்கலாம். என் கருத்தில் அதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது பிளாஸ்க் சோதனையே. ஒவ்வொரு புதிய குரக்கன் தொகுதியையும் பெரிய பாத்திரத்தில் இடுவதற்கு முன் சிறிதளவில் பார்த்துவிட்டால், மால்ட்டின் குறையைக் கருவியின் குறையென்று தேடும் நிலை வராது. மாரி காலத்தில் வெயில் இல்லாமல் முளைக்குரக்கன் காய நாளெடுக்கும்; ஈரச்சாக்கில் அது பூஞ்சணம் பிடித்துவிட்டால் எந்த வெப்பநிலைக் கட்டுப்பாடும் அதைக் காப்பாற்றாது, அதை உணவுக்கு எடுக்கவும் கூடாது. கொட்டிலுக்குள் மின்விசிறியுடன் கூடிய உலர்த்தும் தட்டுகளை அமைக்கும் வேலை இப்போது நடக்கிறது.

கிணற்று நீரின் வன்மையால் சூடாக்கிகளில் வெண்படலம் படிகிறது. அதைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். படலம் தடித்தால் அதன் கீழே சூடாக்கி மிகைவெப்பமடைந்து ஆயுள் குறையும். ஆகவே ஒவ்வொரு வேலைக்குப் பின்னரும் குழாயைக் கழற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கியிருக்கிறார்கள். நுண்ணிய கட்டுப்பாட்டுக் கருவி இன்னும் வாங்கப்படவில்லை. குழாய்வாயில் ஏற்றி அணைக்கும் பழைய கருவியே 66 பாகைக்குள் நிறுத்தப் போதுமானதாக இருப்பதால், அந்தப் பணத்தை உலர்த்தும் தட்டுகளுக்கு ஒதுக்க மருமகள் விரும்பினார். மாமன் இன்னும் முழுமனதாக உடன்படவில்லை.